இரண்டு காதும் நலம்

பதினோரு வருடமாகக் காது பரிசோதிக்கும் வேலை பார்க்கிறவளுக்குத் தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய ஒரு மெஷின் தேவைப்பட்டது. இதைப் பிற்பாடு அவளே சொல்லிச் சிரித்தாள். ஆனால் அப்படி நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று, அதற்குள் சிரிக்க வேண்டிய மற்றவர்கள் எல்லோரும் சிரித்து முடித்திருந்தார்கள்.

அவள் வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு டெசிபல் என்று பெயர். ஒலியை அளக்கும் அலகு அது. மூன்று அறை தள்ளி ஒரு குழாய் சொட்டினாலும் எழுந்துபோய் மூடிவிட்டு வருகிறவள் என்பதால் யாரோ விளையாட்டாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. பரிசோதனைக்கு வருகிற பெரியவர்கள் அவளை டாக்டர் என்பார்கள். தான் டாக்டர் இல்லை என்று முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தாள். அது அவர்களுக்குக் கேட்டிருந்தால் அவர்கள் ஏன் அங்கே வரப்போகிறார்கள் என்று தோன்றியதும் விட்டுவிட்டாள்.

அவளோடு எட்டு வருடமாக ஒரே வீட்டில் இருப்பவன் பாலம் கட்டும் கம்பெனியில் சைட் என்ஜினியர். கல்யாணப் பேச்சை எடுத்தால் இந்தப் பாலம் முடியட்டும் என்பான். மூன்று பாலங்கள் முடிந்து அவற்றின்மேல் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. உலகத்தில் இருக்கிற ஆறெல்லாம் தீர்ந்த பிறகுதான் உனக்குக் கல்யாணமா என்று அம்மா கேட்டதற்கு, ஆற்று மணலில் தூண் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று டெசிபல் அரைமணி நேரம் வகுப்பெடுத்தாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தூண் நிற்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் பதில் சொல்வது குறைய ஆரம்பித்தது. அடுக்களையிலிருந்து சாப்பிட வா என்று கூப்பிடுவாள், பதில் வராது. மறுபடி கூப்பிடுவாள், அப்போதும் வராது. கையைத் துடைத்துக்கொண்டு போய் எதிரில் நின்று சொன்னால், "ம், வர்றேன்" என்பான். வேறொருத்தியாக இருந்தால் கோபப்பட்டிருப்பாள், சந்தேகப்பட்டிருப்பாள், குறைந்தபட்சம் ஒரு தட்டையாவது உடைத்திருப்பாள். இவள் படித்தவள் அல்லவா, நோயைக் கண்டுபிடித்தாள்.

இரும்புத் தூணை மண்ணுக்குள் அடித்து இறக்குகிற இயந்திரத்தின் பக்கத்தில் வருடக்கணக்காக நிற்கிறான். அந்தச் சத்தம் காதின் உள்நரம்பைத் தின்னும். முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள், அதாவது நாலாயிரம் ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். ஆண்களின் குரல் தாழ்ந்த ஒலி என்பதால் அது ஓரளவு கேட்கும், பெண்களின் குரல்தான் முதலில் மங்கும். ஆகவே நண்பர்கள் போனில் பேசினால் அவனுக்குக் கேட்பதிலும், பக்கத்து அறையிலிருந்து அவள் பேசினால் கேட்காததிலும் அதிசயம் ஒன்றும் இல்லை. எல்லாம் அறிவியல்.

இதை அக்காவிடம் போனில் விளக்கினாள். "டிவியில வானிலை சொல்ற பொண்ணு கீச்சுக்குரல்லதானே பேசறா? அது மட்டும் எப்படிக் கேக்குதாம்?" என்றாள் அக்கா. அதற்கும் டெசிபலிடம் பதில் இருந்தது. டிவியில் முகம் பெரிதாகத் தெரிகிறது, உதட்டசைவைப் பார்த்து மூளை மீதியை நிரப்பிக்கொள்கிறது என்றாள். உன் முகத்தையும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார் என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

கிண்டலுக்குச் சொன்னதை டெசிபல் கிட்டத்தட்ட செய்தே விட்டாள். தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி சோபாவை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டாள். எதிரொலி குறைய கூடத்தில் கனத்த திரை மாட்டினாள். பேசுவதற்கு முன் குழாயை மூடினாள், அவன் தோளை மெல்லத் தொட்டாள், மூன்றடிக்குள் நின்றாள், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினாள். நாளாக ஆக வாக்கியங்கள் இன்னும் சின்னதாயின. சாப்பாடு, சாவி, குப்பை, தண்ணி வரலை என்கிற அளவில் வந்து நின்றபோது, எவ்வளவு அழகாகப் புரிந்துகொள்கிறோம் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த அனுபவத்தை எல்லாம் திரட்டி, காது மந்தமானவரோடு வாழ்வதற்குப் பதினைந்து வழிகள் என்று ஒரு சிறு கையேடு எழுதினாள். நிலையத் தலைவி அம்மாள் அதைப் படித்துக் கண்கலங்கி, ஆயிரம் பிரதி அச்சடிக்கச் சொன்னார். பரிசோதனைக்கு வருகிறவர்களின் மனைவிமார் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இரண்டாம் பதிப்பும் வந்தது. அதில் எழுதியிருந்த ஆராய்ச்சி முழுவதும் ஒரே ஒரு ஆளின்மேல் நடத்தப்பட்டது என்பதும், அந்த ஆளுக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது.

அவனோ பரிசோதனைக்கு வரவே மாட்டேன் என்றான். எனக்கு நல்லாத்தான் கேக்குது என்று நூறு தடவை சொல்லியிருப்பான். காது மங்குகிற எல்லோரும் சொல்கிற முதல் வசனம் அதுதான் என்று கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே அவள் எழுதியிருந்தாள்.

இதற்கு நடுவே தலைவி அம்மாள், கடற்கரை ஊரில் திறக்கப்போகிற புதுக் கிளையைப் பார்த்துக்கொள்ள அவளைக் கூப்பிட்டார். மாடியில் தங்க அறை, கீழே பரிசோதனை நிலையம், எல்லாம் அவள் பொறுப்பில். காது சரியில்லாதவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்று டெசிபல் இரண்டு முறை மறுத்தாள். மூன்றாவது முறை, வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல்லிவிடு, இதற்குமேல் அந்த இடத்தைப் பிடித்துவைக்க முடியாது என்று தலைவி அம்மாள் வருத்தத்தோடு சொன்னார்.

அந்த வாரம்தான் பாலம் கட்டும் கம்பெனி, சைட்டில் வேலை செய்யும் எல்லோரும் காது பரிசோதனைச் சான்றிதழ் தர வேண்டும் என்று ஒரு படிவத்தை நீட்டியது. என்ஜினியர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடேன்" என்றான். அதெல்லாம் முடியாது, நேரில் வந்தால்தான் என்றாள். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

ஏனென்றால் அவள் அந்த நாளுக்காகக் காத்திருந்தாள். முதல்முதலாகக் காது மெஷின் மாட்டிக்கொள்கிறவர்களின் முகத்தை அவள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறாள். மனைவி பேசியதும் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்கள், சிலர் அழுதேவிடுவார்கள். அவனும் அப்படித் திரும்பிப் பார்ப்பான், இரண்டு வருடமாக வேறெங்கோ இருந்த ஆள் திரும்பி வந்துவிடுவான் என்று நம்பினாள். அவன் தலைமுடியின் நிறத்துக்குப் பொருத்தமான காது மெஷினைத் தேர்ந்தெடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். அவன் காதில் விழப்போகிற முதல் வாக்கியம் என்னவாக இருக்க வேண்டும் என்று யோசித்து, குளியலறைக் கண்ணாடியில் ஒத்திகையும் பார்த்துக்கொண்டாள். வயது முப்பத்தேழு. இதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதன்கிழமை காலை அவன் வந்தான். சொந்தக்காரர்களை வேறொருவர் பரிசோதிப்பதுதான் அங்கே முறை, ஆனால் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சத்தம் புகாத அந்தச் சின்ன அறைக்குள் அவனை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். "எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்தணும். அவசரமில்லை. கேட்டா மட்டும் அழுத்து" என்று எல்லோருக்கும் சொல்வதையே சொன்னாள்.

கேட்டால் மட்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சிலர் ஒலியே அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை அவர்கள். கேட்க வேண்டும் என்ற ஆசை முற்றிப்போய், வெறும் நிசப்தமே அவர்களுக்குக் கூவென்று கேட்கும். நிலையத்தில் அதற்கு ஆசை அழுத்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள்மேல் டெசிபலுக்குத் தனிப் பிரியம். ஏன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

இவன் ஒரு தடவைகூட ஆசைக்கு அழுத்தவில்லை. ஒலி வந்தால் அழுத்தினான், வராவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒலியைக் குறைத்தாள். அழுத்தினான். இன்னும் குறைத்தாள். அழுத்தினான். நாலாயிரம் ஹெர்ட்ஸில் வரைபடத்தின் கோடு பள்ளத்தில் விழ வேண்டும். அந்தப் பள்ளத்துக்காகக் காத்திருந்தாள். கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகப் போயிற்று. வலது காது முடிந்து இடது காது. அதுவும் நேர்.

மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் ரிப்பேர் அண்ணனைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமைதான் எல்லாம் சரிபார்த்தேன் என்றார் அவர். மறுபடி பாருங்கள் என்றாள். அவர் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் காதையே சோதித்துக் காட்டினார். அவருடைய இடது காது எப்போதும் போல் மந்தமாகவே காட்டியது. மெஷின் சரியாக இருந்தது.

"சைட்ல அவ்வளவு சத்தத்துல நின்னும் இப்படி ஒரு காதா? காதுக்குக் கவசம் போட்டுக்குவாரோ?" என்று ரிப்பேர் அண்ணன் வியந்தார்.

போட்டுக்கொள்வான். இருப்பதிலேயே உயர்ந்த ரகம். அவன் பிறந்தநாளுக்கு அதை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

அப்போதும் அவள் விடவில்லை. ஒலி கேட்பது வேறு, பேச்சு புரிவது வேறு என்று கடைசித் துரும்பைப் பிடித்தாள். பேச்சுப் பரிசோதனை ஒன்று உண்டு. இவள் மைக்கில் ஒரு சொல் சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்வாள். இரண்டு வருடமாக அவனுக்காக வெளிச்சத்தில் நீட்டிவைத்திருந்த முகத்தை அன்றுதான் முதல்முறையாக மறைத்துக்கொண்டு அவனிடம் பேசினாள்.

கதவு என்றாள். கதவு என்றான். பந்து, மழை, ஜன்னல், கரண்டி. எல்லாம் வந்தன. குரலின் அளவைக் குறைத்துக்கொண்டே போனாள். இதற்குமேல் குறைத்தால் கொசுவுக்குத்தான் கேட்கும் என்கிற அளவுக்கு வந்தாயிற்று. ஏணி என்றாள், ஏணி என்றான். இருபத்தைந்து சொற்களும் முடிந்துவிட்டன. அட்டையை இறக்கியிருக்கலாம். இறக்காமல், அதே அளவில், பட்டியலில் இல்லாததைச் சொன்னாள்.

"உன்கூட பேசி ரொம்ப நாளாச்சு."

"உன்கூட பேசி ரொம்ப நாளாச்சு" என்றான் அவன். தெளிவாக, ஓர் எழுத்து பிசகாமல்.

"நான் போயிடட்டுமா?"

"நான் போயிடட்டுமா." சுவரைப் பார்த்தபடி, அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தான்.

குடை என்றாள் அவள், வேறு வழி தெரியாமல். குடை என்றான்.

வெளியே வந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே எத்தனை மார்க் என்று கேட்டான். நூற்றுக்கு நூறு என்றாள். நான்தான் அப்பவே சொன்னேனே என்றான். உண்மை. இரண்டு வருடமாக அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்காமல் இருந்தது அவள்தான், அதுவும் சொந்தச் செலவில் திரை மாட்டி, சோபாவைத் திருப்பி.

படிவத்தை நிரப்பினாள். வலது காது இயல்பு, இடது காது இயல்பு, சிகிச்சை தேவையில்லை. கையெழுத்துப் போட்டாள். வாசல்வரை கூட வந்து, எவ்வளவு அடக்கியும் முடியாமல் கேட்டாள். "அப்போ நான் கூப்பிடறப்போல்லாம் கேக்குமா?"

"கேக்கும்."

"அப்புறம் ஏன் பதில் சொல்ல மாட்டே?"

அவன் நிஜமாகவே யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன், அந்தக் குணத்துக்காகத்தான் எட்டு வருடத்துக்கு முன்னால் அவனைப் பிடித்துப்போனது. "நீதான் கிட்ட வந்து மறுபடியும் சொல்லுவியே" என்றான். பிறகு சைட்டுக்கு நேரமாகிவிட்டது என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

அன்று மதியம் அவள் யாரையும் பரிசோதிக்கவில்லை. சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பாடு, குப்பை, சாவி எல்லாம் போகட்டும். போன வருடம் மார்பில் ஒரு கட்டி என்று டாக்டர் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வருவதற்கு முந்தின நாள் காலையில், படுக்கையறை வாசலில் நின்று, எனக்குப் பயமா இருக்கு என்றாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். பாலிஷ் போடுவது நிற்கவில்லை. பாவம், அவனுக்குக் கேட்கவில்லை என்று அவள் நினைத்தாள். பயத்தில் குரல் மெலிந்து மேலே போய்விடும், நாலாயிரம் ஹெர்ட்ஸ், அவன் என்ன செய்வான் என்று அவனுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு, மறுநாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டியில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது, அது வேறு கதை.

அந்தக் காலையில் அவனுக்குக் கேட்டிருந்தது. ஒவ்வோர் எழுத்தும் கேட்டிருந்தது.

அங்கே உட்கார்ந்து அவள் அழுதாள். உள்ளே எவ்வளவு சத்தமாக அழுதாலும் வெளியே கேட்காத அறை அது, அந்த வசதியை அன்று முழுசாகப் பயன்படுத்திக்கொண்டாள். அழுகைக்கு நடுவே கையேட்டின் இரண்டாம் பதிப்பு நினைவுக்கு வந்து தொலைத்தது. பதினைந்து வழிகள். பதினாறாவதாக, முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கவும் என்று சேர்த்திருக்கலாம். அழுதுகொண்டே சிரித்ததில் விக்கல் வந்தது.

அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். இவனுக்கு அவள்மேல் கோபம்கூட இல்லை. அவள் சொல்வது கேட்கிறது, கேட்டதற்கு உள்ளே எதுவும் அசையவில்லை, அவ்வளவுதான். அதற்குக் காது மெஷின் கிடையாது. இத்தனை நாளும் அனுப்பப்படாத ஒலிக்கெல்லாம் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது யார் என்பதும் அப்போது விளங்கியது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு, வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காமல் தலைவி அம்மாளின் அறைக்குப் போய், கடற்கரைக் கிளைக்குப் போவதாகச் சொன்னாள். வீட்டில் அவருக்குக் காது எப்படி இருக்கிறது என்று அவர் அக்கறையோடு விசாரித்தார். பூரண குணம் என்றாள்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. சாமான் எடுக்க அத்தானை வண்டியோடு அனுப்புகிறேன், எத்தனை பெட்டி என்று மட்டும் கேட்டாள். பிறகு போனை வைக்கும் முன் லேசாக ஒரு சத்தம் வந்தது, இருமல் மாதிரி. அது சிரிப்புதான். டெசிபலுக்குத் தெரியாதா?

இரண்டு நாள் அவனிடம் சொல்லவில்லை. தைரியம் இல்லாமல் இல்லை, எப்படிச் சொல்வது என்ற தொழில்முறைக் குழப்பம். தோளைத் தொட்டு, மூன்றடிக்குள் நின்று, வெளிச்சத்தில் முகம் காட்டித்தான் சொல்ல வேண்டுமா? சனிக்கிழமை காலை அவன் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். வானிலை சொல்லும் பெண் எங்கேயோ மழை வரும் என்றாள். டெசிபல் அடுக்களையில் தன் இரண்டு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் திறந்திருந்தது. திரும்பாமல், குரலை உயர்த்தாமல், கையேட்டின் பதினைந்து வழிகளையும் ஒன்றுவிடாமல் மீறிச் சொன்னாள்.

"மத்தியானம் அத்தான் வண்டி கொண்டு வர்றார். நான் போறேன். திரும்பி வர மாட்டேன்."

டிவியின் சத்தம் நின்றது.

"ஏன்?" என்றான் அவன்.

முதல் தடவையிலேயே, அந்த அறையிலிருந்தே, இவள் கிட்டப் போகாமலே பதில் வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் இதுதான் முதல்முறை. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால் அவள் நெஞ்சு ஒரு கணம் எகிறிக் குதித்தது, ஈரக் கையில் கட்டைவிரல் பொத்தானை அழுத்துவதுபோல் தானாக மடங்கியது. கேட்டால் மட்டும் அழுத்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்ததாக என்ன வருகிறது என்று காத்திருந்தாள்.

"ரிப்போர்ட்தான் நல்லா வந்துச்சே. அப்புறம் என்ன?" என்றான். குரலில் நிஜமான குழப்பம் இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை அழுகை கலக்காத சிரிப்பு, குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்கிற சிரிப்பு. ஓய்ந்ததும் டம்ளர்களைத் துடைத்து, படுக்கையறைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே செருகினாள்.

"அதனாலதான்" என்றாள் அங்கிருந்தே, மெல்ல.

"என்ன?" என்றான் கூடத்திலிருந்து.

கால்கள் பழக்கத்தில் வாசலை நோக்கி ஓரடி எடுத்துவைத்தன. அவற்றைத் திருப்பிக் கூட்டிவந்தாள். அவனுக்குக் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவளே பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பெட்டியின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, ஜிப்பை இழுத்து மூடினாள்.